முழுப்பேர்

ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி எடுப்பார்கள், விண்ணப்பம் அடித்துக் கொடுப்பார்கள், கைப்பேசிக்கு ரீலோட் போடுவார்கள். ஆனி மாதத்து மழைக்கு நான் அங்கே ஒதுங்கி நின்றபோது தாயும் மகளுமாக இருவர் வந்தார்கள். தாய்க்கு எழுபது வயதிருக்கும். மகள் கொழுந்தெடுப்பவர், விரல் நுனிகளில் தேயிலைக் கறை கறுத்திருந்தது.

“தம்பி, பத்து வருசத்துக்கு முன்னால அம்மா பேருக்கு இங்கதான் ஒரு சத்தியக் கடதாசி அடிச்சோம். லயத்துக் கூரை ஒழுகி அது நனைஞ்சு போச்சு. ஒங்க கம்பியூட்டர்ல இருக்குமா?”

தோட்டத்துச் சம்பள ஏடான செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட கடதாசி அது. சேமலாப நிதி தொடர்பான ஒரு வேலைக்கு மறுபடியும் தேவைப்பட்டிருக்கிறது. பழைய கோப்பு கிடைத்தால் அச்செடுத்துப் புதிதாக ஒப்பம் வாங்கிவிடலாம். கிடைக்காவிட்டால் பதிவு இலக்கம், திகதி, தகப்பன் பெயர் என்று ஒவ்வொன்றையும் முதலிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டும்.

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ‘ஈ’ என்ற எழுத்தில் தொடங்கும் என்பது மட்டும் போதும்.

கடைத் தம்பி தமிழில் அடித்துத் தேடினார். இல்லை. ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடினார். இல்லை. மகள் கதவருகே நின்று மழையைப் பார்த்தார். “இன்னிக்கு எனக்குப் பேரு போச்சு” என்றார், யாரிடமும் சொல்லாதவர்போல. அந்தச் சொல்லைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் அந்தக் கடையில் பாமினியில்தான் அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. இலங்கையில் பத்திரிகை, கலியாணக் கடிதம், மரண அறிவித்தல், சங்கத் துண்டுப்பிரசுரம் என்று ஒரு தலைமுறையின் தமிழில் பெரும்பகுதி அந்த எழுத்துருவில் அச்சேறியது. பாமினியில் நம் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில விசைகள். ‘தமிழ்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் அது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று சேமித்திருக்கும். ‘இ’ எழுத்துக்குக் காற்புள்ளியின் விசை. ஆகவே ‘இலங்கை’ என்று எழுதினால், கணினியைப் பொறுத்தவரை நம் நாட்டின் பெயர் ஒரு காற்புள்ளியில் தொடங்குகிறது. அதே விசையை ஷிப்டோடு அழுத்தினால் ‘ஈ’ வரும். உள்ளே பதிவாவதோ, கணக்கில் ஒன்றைவிட மற்றொன்று சிறியது என்று காட்ட நாம் இடும் கூர்முனைக் குறி.

எழுத்துரு என்பது கோப்பின் உள்ளே உடுத்தும் உடை. கோப்பின் பெயருக்கு அந்த உடை கிடையாது. பெயர் வெறும் விசைகளாகவே வெளியில் நிற்கும். அங்கேதான் இடறல். விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயருக்குள் ஒன்பது குறிகள் வரக்கூடாது: இரு சாய்கோடுகள், முக்காற்புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், இரு கூர்முனைக் குறிகள், செங்குத்துக் கோடு. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. திரையில் படங்கள் இல்லாமல் கட்டளைகளை வரியாக அடித்து வேலை வாங்கிய காலத்தில், இந்தக் குறி ஒவ்வொன்றும் கணினிக்கு ஓர் ஏவல். நட்சத்திரம் என்றால் ‘இங்கே எது இருந்தாலும் சரி’. கேள்விக்குறி என்றால் ‘ஏதோ ஒரு குறி’. கூர்முனை என்றால் ‘உனக்கு வேண்டியதை இந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்’. ஒரு தாய் தன் பெயரைச் சொல்ல, அதன் முதல் எழுத்து கணினியின் காதில் ஏவலாக விழுந்திருக்கிறது. ஆகவே வாங்க மறுத்திருக்கிறது. அன்று அடித்தவர் அந்த எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் சேமித்திருக்கிறார்.

முதல் எழுத்து இல்லாமல், எஞ்சிய பாமினி விசைகளைத் தேடும் பெட்டியில் இட்டோம். ஒரே ஒரு கோப்பு வந்தது. ஆங்கில எழுத்தும் குறியுமாக, பார்ப்பவர் எவருக்கும் பொருள் விளங்காத பெயர். திறந்து எழுத்துருவை மாற்றியதும் பக்கம் முழுவதும் தமிழ் எழுந்தது. தம்பி வாசித்துக் காட்டினார். தாய் தலையாட்டினார்.

அன்று வீடு திரும்பிய பிறகும் அந்த விடுபட்ட எழுத்து என்னை விடவில்லை.

*

‘பேரு போச்சு’ என்று மகள் சொன்னதை வெளியூர்க்காரர் கேட்டால் மானம் போயிற்று என்று எண்ணிக்கொள்வார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு ஏறி, குறித்த நிறைக்குக் கொழுந்தெடுத்தால் செக்ரோலில் பெயருக்கு நேரே ஒரு முழு நாள் விழும், அது முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாசம் எத்தன பேரு?’ என்று கேட்டால் எத்தனை நாள் வேலை செய்தாய் என்று பொருள். இரு நூற்றாண்டாக, முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் முதுகு வளைத்த ஒரு சமூகம், தன் கூலியின் அலகுக்குப் ‘பேர்’ என்று பேரிட்டுக்கொண்டது. ஏட்டில் பெயர் விழாத நாள் அடுப்பெரியாத நாள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அந்த ஏட்டை எழுதியவர்கள் வேறு ஆட்கள். கங்காணி வாயால் சொல்வார், கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதுவார், கந்தோரில் அது ஆங்கிலமாகும், பதிவாளரிடம் போகும்போது சிங்களமாகும். தமிழின் ‘த’ ஆங்கிலத்தில் ஒரு தடவை ‘தி’ ஒலிக்கான இரண்டு எழுத்தாகும், இன்னொரு தடவை ‘டி’ என்ற ஒற்றை எழுத்தாகும். அதைத் திரும்பத் தமிழாக்குகிறவருக்கு மூலப்பெயர் தெரியாவிட்டால், கந்தையா கண்டையாவாகிறார், கந்தசாமி கண்டசாமியாகிறார். லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி என்று ஒரே பெண் நான்கு கடதாசிகளில் நான்கு பெண்களாக நிற்பதை எந்த மலைநாட்டுக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். இதற்கு மேல் வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு.

கணினி வந்தபிறகு இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நானும் நம்பியவன். 2008-இல் இலங்கைத் தர நிர்ணயமாகத் தமிழ் எழுத்துக் குறியீடு வந்து, யூனிகோட் பரவி, பாமினியின் மறைவுத் தமிழ் மெல்லப் பின்வாங்கியபோது, இனி ‘ஈ’ ஈயாகவே சேமிக்கப்படும் என்று மகிழ்ந்தேன். அது உண்மைதான். ஆனால் எழுத்து சரியாகத் தெரிவதும் எழுத்து அகப்படுவதும் இரு வேறு காரியங்கள்.

என் மேசைக் கணினியில் ‘தோட்டம்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தன் பழைய ஆப்பிள் கணினியிலிருந்து சில படங்களைச் சுருக்கி அனுப்பினார். விரித்தபோது அதுவும் ‘தோட்டம்’ என்ற பெயரிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்பது கணினியின் சட்டம். இருந்தும் இரண்டும் அருகருகே நின்றன. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. ஒன்றின் பெயரை அடித்துத் தேடினால் மற்றது வரவில்லை.

விடை ‘தோ’வில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது. விண்டோஸின் கோப்பு முறை அவற்றை ஒன்றாக்காமல், வந்தது வந்தபடி வைத்துக்கொள்ளும். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையோ எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது. ஆகவே ஒகரக் குறியும் ஓகாரக் குறியும் வரும் இடமெல்லாம் இந்த இரட்டைப் பிறப்பு நேரலாம். எவையென்று எண்ணிப் பார்த்தேன்: தோட்டம். கொழுந்து. டிக்கோயா. நோர்வூட். பொகவந்தலாவை. கொழும்பு. கடைசியில் ‘கோப்பு’ என்ற சொல்லே.

அதுபோலத்தான் ‘லக்ஷபான’வும். ‘க்’கும் ‘ஷ’வும் ஒட்டிக் கூட்டெழுத்தாகிவிடாமல் தனித்தனியே தெரிய வேண்டுமென்று இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பானை இடுவோர் உண்டு. அகலமில்லாத எழுத்து அது. அச்சில் வராது, ஆனால் பெயருக்குள் இருக்கும். அதை இட்டவரும் இடாதவரும் ஒருவர் கோப்பை மற்றவர் காணாமல் போகலாம். நீர்வீழ்ச்சியும் மின்நிலையமும் அங்கேயே இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதியவைதாம் இரண்டாகப் பிரிந்துபோகின்றன.

ஊர்ப் பெயர்களில் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடுகளே ஏராளம். ஹட்டன் என்று எழுதுவோம், அட்டன் என்பர் சிலர், ஆங்கிலத்தின் ‘ட’வை இரட்டை றகரத்தால் எழுதும் யாழ்ப்பாண வழக்கில் அது ஹற்றன். நுவரெலியா, நுவரேலியா. தலவாக்கலை, தலவாக்கொல்லை. தோட்டத் தொழிலாளரை முதன்முதலில் சங்கமாகத் திரட்டிய முன்னோடி, 1931-இல் ஹட்டனை மையமாகக் கொண்டு சம்மேளனம் அமைத்தவர், கோ. நடேசய்யர். அவர் பெயரை நடேசையர், நடேச ஐயர் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வடிவத்தைக் கொண்டு தேடும் மாணவர் மற்ற இரண்டில் கிடப்பதைத் தவறவிட்டு, அவரைப் பற்றி இவ்வளவுதான் எழுதப்பட்டிருக்கிறது என்று முடிவுகட்டக்கூடும். தேடலில் வராதது இல்லவே இல்லை என்று எண்ணுவது இந்தக் காலத்தின் பெரிய மயக்கம்.

‘ஸ்ரீ’யைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 1957 தொடக்கம் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1958-இல் அதற்கெதிராகத் தார் பூசும் கிளர்ச்சி வடக்கில் எழுந்து மலைநாடு வரை பரவியது. ஒற்றை எழுத்து ஒரு நாட்டை இரண்டாகப் பிளந்த ஆண்டு அது. இன்று அதே எழுத்தைக் கணினியில் தமிழில் அடித்துப் பாருங்கள். அது இரண்டு விதமாகச் சேமிக்கப்படுகிறது. பழைய முறையில் ‘ஸ’வும் ‘ரீ’யும் சேர்ந்தது, 2005-இல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தபிறகு, அதைக்கொண்டு எழுதுவதே முறையான வடிவம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். சிங்களத்திலோ அந்த எழுத்து சரியாக உருப்பெற, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் வேண்டும். இரு மொழியிலும் அந்த ஒற்றை எழுத்துக்கு உள்ளே மறைந்த ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் வெகுநேரம் எழுதாமல் இருந்தேன்.

*

பெயர் அகப்படாமல் போவது மற்றவர்களுக்குத் தொந்தரவு. மலைநாட்டுக்கு அது விதியாகவே இருந்தது.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் தகப்பன் பிறந்ததையோ, பாட்டனும் பூட்டனும் பிறந்ததையோ காட்டச் சொன்னது. பிறப்புப் பத்திரமே அரிதாக இருந்த லயங்களில், பாட்டன் பிறந்ததை எந்தக் கடதாசியால் காட்டுவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விவாகமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வாழ்ந்ததை நிறுவக் கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. விண்ணப்பத்தில் ஒரு பெயர், ஏட்டில் வேறு பெயர் என்றால், அந்த மனிதர் எந்த ஏட்டைக் காட்டி ஏழு வருடத்தை நிறுவுவார்?

1964 ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்றோரைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டபோது பெயர்களே பேச்சில் இல்லை, எண்கள்தாம் இருந்தன. 975,000 பேரில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பின்னால் பார்க்கலாம் என்று பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களின் பெயர்களை மண்டபம் முகாமில் மறுபடியும் புதிய கைகள் எழுதின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் இங்குள்ள சொந்தங்களைத் தேடுகிறார்கள். இரு நாட்டு எழுத்தர்கள் எழுதிய இரு வேறு பெயர்களைக் கொண்டு தேடுவதால், ஒரே தாயின் வழிவந்தவர்கள் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தந்தது. பிரஜாவுரிமை வந்தது, பெயர்கள் ஒன்றுசேரவில்லை. அதனால்தான் இன்றும் சத்தியக் கடதாசி.

கணினி அறிந்தவர்கள் இதற்கு நல்ல வழி ஒன்று சொல்வார்கள்: கோப்புக்குப் பெயரிடாதே, எண்ணிடு. 2005-இல் தொடங்கி இன்று ஈழத்து, மலையக எழுத்துகளைப் பெருந்திரளாகச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. எண்ணுக்குக் கொம்பில்லை, காலில்லை, கண்ணுக்குத் தெரியாத பிரிப்பானும் இல்லை. அது எந்தக் கணினிக்குப் போனாலும் குலையாது. நானும் என் சேகரிப்பை அப்படியே மாற்றிக்கொண்டேன். ஆவணங்களைக் காக்க வேறு உறுதியான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் எண்ணிட்டதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ள மலைநாட்டில் பிறந்தவனால் முடியாது. செக்ரோலிலும் நமக்கு எண் இருந்தது. லயத்துக்கும் எண், காம்பராவுக்கும் எண். எண்ணால் நம்மைத் தேடிய ஒவ்வொருவருக்கும் நாம் உடனே அகப்பட்டோம். நம் பெயரால் நாமே நம்மைத் தேடியபோதுதான் அகப்படவில்லை. எண் ஆவணத்தைக் காக்கும். தேடி வருகிறவர் கையில் எண் இருக்காது. கொழுந்துக் கறை படிந்த விரலோடு வருகிற மகளுக்குத் தெரிந்தது தாயின் பெயர் மட்டுமே. அந்தப் பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் பாதையை அமைப்பது நம் பொறுப்பு.

அந்தப் பாதை கடினமானதல்ல. எண்ணுக்கு எதிரே ஒரு பட்டியல் வேண்டும். அதில் அந்த ஆளின், ஊரின், நூலின் பெயர் எந்தெந்த எழுத்துக்கூட்டலில் எங்கெங்கே வந்திருக்கிறதோ அத்தனையும் இருக்க வேண்டும்: வீட்டில் கூப்பிடும் பெயர், செக்ரோல் பெயர், சிங்களப் பதிவிலிருந்து திரும்பி வந்த பெயர், பாமினி விசைகளாய் நிற்கும் பெயர் எல்லாமே. யூனிகோட் எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைத் தேடும் பெட்டியே செய்துகொள்ள வேண்டும். தேடுகிறவர் ‘தோ’வை எப்படி அடித்தாலும் தோட்டம் கிடைக்க வேண்டும்.

இதில் ஒரு கொள்கையும் இருக்கிறது. பழைய ஏட்டில் ‘கண்டையா’ என்று இருந்தால் அதைக் ‘கந்தையா’ என்று திருத்தி எழுதிவிட நம் கை துடிக்கும். திருத்தக்கூடாது. அது தவறான எழுத்துத்தான். ஆனாலும் ஒரு மனிதர் அந்தப் பெயரில்தான் நாற்பது ஆண்டு சம்பளம் வாங்கினார், அந்தப் பெயரில்தான் மறுக்கப்பட்டார். தவறையும் வைத்துக்கொண்டு, சரியானதை அதன் பக்கத்தில் நிறுத்தினால்தான் அவருடைய வாழ்க்கை முழுவதும் ஓரிடத்தில் சேரும். ஒரு பெயரை ஏட்டால் ஏற்க முடியவில்லை என்றால் குறை ஏட்டினுடையது. அந்தக் குறையை மனிதர்மேல் சுமத்தி, அவரையே நீதவான் முன்னால் நிறுத்தி, ‘நான்தான் நான்’ என்று சத்தியம் செய்யச் சொல்கிற வழக்கத்துக்குக் கணினியும் துணைபோகக்கூடாது.

*

அன்று கடையில் தம்பி அந்தக் கடதாசியை யூனிகோடுக்கு மாற்றினார். மாற்றியதில் சில எழுத்துகள் குலைந்தன, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சேமிக்கும் பெட்டி திறந்தபோது என் பக்கம் திரும்பினார். “ஈ போட்டா இப்ப எடுக்குமா அண்ணே?”

“எடுக்கும், போடுங்க.”

அவர் அடித்தார். தாயை அருகே அழைத்து, திரையில் விரல் வைத்து, “அம்மா, இதுதான் ஒங்க பேரு. இந்த மொத எழுத்துதான் போன தடவ விட்டுப்போச்சு” என்றார். அந்த அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மகளிடம் திரும்பி, “ஒனக்குத்தான் இன்னிக்குப் பேரு இல்லாமப் போச்சு” என்றார்.

“பரவால்லம்மா” என்றார் மகள். “ஒனக்கு முழுப்பேரு விழுந்திருச்சே.”